பிள்ளையைக் குடுக்குற கை

எங்க தெருவுக்கு வாக்கப்பட்டு வார பிள்ளைக முதல்ல முகத்தைச் சுளிக்கிறது இதுக்குத்தான். தாம்பூலத் தட்டுன்னா ரெண்டு கையாலயும் குடுப்போம், தண்ணிச் செம்புன்னா சோத்தாங்கையால குடுப்போம், கடைக்காரன்கிட்ட சில்லறை வாங்கக்கூட பீச்சாங்கையை நீட்டமாட்டோம், ஆனா பெத்த பிள்ளையை, கழுத்து நிக்காத பச்சைப் பிள்ளையை, ஒருத்தி இன்னொருத்திட்ட குடுக்கணும்னா பீச்சாங்கையாலதான் குடுப்போம், வாங்குறவளும் பீச்சாங்கையாலதான் வாங்கணும். போன வருசம் சுரண்டையில இருந்து வந்த மருமக ஒருத்தி, "என்ன சனமோம்மா, கழுவுற கையால பிள்ளையைக் குடுக்குதுக"ன்னு அவ அம்மைட்ட போன்ல சொன்னது என் காதுல விழுந்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கி வாய்க்கால்ல எறிஞ்சிருப்பேன். பொறவு, சின்னப்பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்னு கூப்பிட்டு உக்காரவச்சுச் சொன்னேன். அவகிட்ட சொன்னதைத்தான் உங்ககிட்டயும் சொல்லுதேன். அவ அழுதா. நீங்க அழுதாலும் சரி, அழாட்டியும் சரி, பாதியில எந்திச்சு மட்டும் போகாதீங்க.

பிள்ளையை எந்தப் பக்கம் தூக்குதோம்னு நாங்க யாரும் யோசிச்சது கிடையாது. மூச்சு விடுறதை யாரு யோசிக்கா? ரோஸ்லின் நர்ஸம்மாதான் அதை முதல்ல கிளப்பிவிட்டது. தடுப்பூசி போட வந்த இடத்துல, வரிசையா நின்ன தாய்மாரைப் பாத்துட்டு, "எல்லாரும் பேசிவச்ச மாதிரி இடப்பக்கமே வச்சிருக்கீங்களே, ஏன்னு யாருக்காவது தெரியுமா?"ன்னு கேட்டுட்டாங்க. அவ்வளவுதான், அன்னைக்குப் பூரா முடுக்கு நிழல்ல பீடி சுத்துன பாடில்லை, ஒரே வாக்குவாதம். பீடிக் கடை செக்கர், எங்க பீடிக் கட்டையெல்லாம் பிரிச்சுப் பாத்துக் கழிச்சுப்போடுற அந்த மனுசன், "இதுல என்ன இருக்கு, சோத்தாங்கைக்குச் சோலி இருக்கு, அதான்"னாரு. "அப்போ நம்ம பொன்னுத்தாயி பீச்சாங்கைக்காரிதான? அவளும் இடப்பக்கம்தான தூக்கி வளத்தா? அவளுக்கு எந்தக் கையில சோலி?"ன்னு நான் கேட்டதும் மனுசன் அடுத்த கட்டைப் பிரிக்கக் குனிஞ்சுக்கிட்டாரு. ஆவுடை சொன்னா, சாமியே பாதி உடம்பை அம்மனுக்குக் குடுத்தப்போ இடப்பக்கத்தைத்தான் குடுத்தாரு, அது பொம்பளைப் பக்கம், பிள்ளை அங்கனதான் இருக்கும்னு. நர்ஸம்மா, "நெஞ்சு அங்கன அடிக்குதுல்லா, வயித்துக்குள்ள இருக்கும்போது கேட்ட சத்தம், அது கேட்டா பிள்ளை அடங்கும்னு சொல்லுதாங்க, அதுவும் முழுக்கச் சரியான்னு படிச்சவங்களுக்கே சந்தேகம்தான்"னு சொல்லிட்டு ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. அப்போ வடிவு மாசமா இருந்தா. அவகிட்ட கேட்டதுக்குச் சிரிச்சுக்கிட்டே, "எனக்கென்னக்கா தெரியும்? பிள்ளை வரட்டும், அதுகிட்டயே கேட்டுச் சொல்லுதேன்"னா.

வடிவு என் பக்கத்து வீட்டுக்காரி. சங்கரவடிவுன்னு முழுப்பேரு. அவ வீட்டுக்காரன் தளவாய்க்குப் புனலூர்ல ஒரு பேக்கரியில வேலை, சனிக்கிழமை விட்டுச் சனிக்கிழமை வருவான், வரும்போது துணியெல்லாம் பன்னு வாசம் அடிக்கும். ஆவுடை தளவாய்க்கு அக்கா, மூணாவது வீடு. எனக்குப் பிள்ளை கிடையாது. இதை நானே முதல்ல சொல்லிருதேன், பொறவு வேற யாராவது சொல்லி நீங்க ச்சு கொட்டவேண்டாம். வீட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு. பீடி சுத்துற சொளவும், இலையும், தூளும், வாயும்தான் என் சொத்து. ஊருக்குள்ள பிரமுன்னு சொன்னா அந்த வாயைத்தான் முதல்ல சொல்லுவாங்க.

பிள்ளை ஆம்பளைப் பிள்ளை. குலசாமி பேரு, கொம்பையா. அவ்வளவு பெரிய பேரை இந்த ஒரு சாண் உடம்பு எங்கன கொண்டு வச்சுக்கிடும்னு நான் கேலி பண்ணுவேன். வடிவு அவனை இறக்கியே விடமாட்டா. குடத்தடியிலயும் இடப்பக்கம், அடுப்படியிலயும் இடப்பக்கம், பீடி சுத்தும்போது இடது தொடையில. குப்புற விழப் பழகி, விழுந்த பெருமையில தலையைத் தூக்கி எல்லாரையும் பாத்துச் சிரிக்கிற பருவத்துல திடுதிப்புன்னு ஒரு காய்ச்சல் கண்டு, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியில, பஸ்ஸுக்குள்ள, அவ இடப்பக்கத்துலயே பிள்ளை போயிட்டான். போனது அவளுக்கே தெரியலை. பக்கத்து சீட்டுக்காரிட்ட, "இப்பத்தான் யக்கா கண்ணசந்தான், கொஞ்சம் பைய பேசுங்க"ன்னு சொல்லிக்கிட்டு வந்திருக்கா.

பச்சைப் பிள்ளையை எரிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. தளவாய்தான் கையில ஏந்திக் கொண்டுபோய் வாய்க்கா மேட்டுல புங்கமரத்தடியில அடக்கம் பண்ணிட்டு வந்தான். ஆம்பளைக குளிக்கப் போன பொறவு நாங்க வடிவைக் கொல்லையில உக்காரவச்சுத் தண்ணி ஊத்தப் பாத்தா, அவ இடக்கை இறங்கலை. நெஞ்சோட சேந்து மடங்கினது மடங்கினபடி நிக்குது. ஆவுடை அந்தக் கையைப் பிடிச்சு இழுத்தா. "மைனி, பைய, அவன் தலை"ன்னா வடிவு. கோட்டி பிடிச்சிருச்சுன்னு ஆவுடை வாயைப் பொத்திக்கிட்டா. நான் போய் அந்த முழங்கை மடக்குக்கு அடியில என் கையைக் குடுத்துப் பாத்தேன். கண்ணுக்கு ஒண்ணும் கிடையாது. ஆனா கைக்கு இருந்துச்சு. வேத்து ஈரமான பிடரி மயிரு, ஏறி இறங்குற முதுகு, உள்ளங்கையை நெறைக்கிற சூடு, கனம், எல்லாம் இருந்துச்சு.

"ஆமாட்டி, இருக்கான்"னேன்.

அவ்வளவுதான். ஆவுடையும் தொட்டுப் பாத்தா, தொட்டுட்டு உள்ள போய் ஒரு பழைய வேட்டித் துணியைக் கொண்டாந்து, பிள்ளை தலையில தண்ணி விழாம மூடிப் பிடிச்சுக்கிட்டா. நாங்க வடிவைக் குளிப்பாட்டிச் சேலையைச் சுத்திவிட்டோம்.

அதுக்குப் பொறவு அது ஒரு பெரிய விசயமா யாருக்கும் தோணலை. தெருவுல அவ எதுக்க வந்தா இடப்பக்கம் இடிச்சிராம எல்லாரும் ஒதுங்கிப் போனாங்க, பஸ்ஸுல கண்டக்டரு, "பிள்ளைக்காரிக்கு எடம் விடுங்கம்மா"ன்னு சத்தம் குடுத்தாரு, கோயில் கொடையில சாமியாடி அவ நெத்தியில துண்ணூறு பூசிட்டு, கையைக் கொஞ்சம் கீழ இறக்கி அந்தரத்துலயும் ஒரு கீத்து இழுத்துவிட்டாரு, மழை வந்தா குடை வச்சிருக்கவ தான் நனைஞ்சுக்கிட்டு வடிவு இடப்பக்கமாக் குடையைச் சாய்ச்சா, பள்ளிக்கூடம் விட்டு வார பயலுக அவ வீட்டு வாசல் வந்ததும் தானா வாயை மூடிக்கிட்டுப் போனானுக. கண்ணுக்கே தெரியாத பிள்ளைக்குக் கண்ணேறு எப்படிப் படும்னு ஒருத்தி கேட்டதுக்கு, "பாத்த கண்ணை விடப் பாக்காத கண்ணுதாம்ட்டி பொல்லாதது"ன்னு சொல்லி ஆவுடை கன்னத்துல மை வைக்கப் போனா. மை வடிவு ரவிக்கையிலதான் ஒட்டுச்சு. ஒட்டிட்டுப் போகட்டும்னு நித்தம் வச்சா, ரவிக்கை பூராவும் கறுப்புப் பொட்டு.

ஒரு தடவை நர்ஸம்மா எல்லாரையும் எடை பாத்தாங்க. வடிவு ஏறி நின்னதும் முள்ளைக் குனிஞ்சு பாத்துட்டு, "பிள்ளையோட நின்னா எப்படித் தாயி கணக்கு வரும்? பிள்ளையை யார்ட்டயாவது குடுத்துட்டு நில்லு"ன்னாங்க. சொன்ன பொறவுதான் அவங்களுக்கே உறைச்சுது. நோட்டை மூடிட்டு, "சரி, இறங்கு தாயி, பாத்து இறங்கு"ன்னாங்க.

தளவாய்க்குத்தான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. முத சனிக்கிழமை வந்தவன் தொட்டுப் பாத்துட்டு நேரா என் வீட்டுக்கு வந்து, "நான்தானே யக்கா மண்ணைத் தள்ளினேன், இந்தக் கையாலதானே தள்ளினேன்"னு கதவு நிலையில தலையை முட்டி முட்டி அழுதான். ஒரு ஆம்பளை அழுது நான் அப்படிப் பாத்ததில்லை. எனக்கும் தாங்கலை, சேந்து அழுதேன். அடுத்த தடவை வரும்போது கிலுகிலுப்பை வாங்கிட்டு வந்தான். வடிவுக்கு வலப்பக்கமாப் படுத்துக்கிட்டு, கையை மட்டும் நீட்டி இடப்பக்கத்துல அதை ஆட்டிக்கிட்டே கிடப்பான்.

பீடிதான் சிக்கலாச்சு. ஒரு கையால பீடி சுத்த முடியுமா? வடிவு சொளவை மடியில வச்சுக்கிட்டு ஒத்தக் கையோட இலையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா. நான் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, ஒருநாள் என் சொளவைத் தூக்கிட்டுப் போய் அவ இடப்பக்கம் ஒட்டி உக்காந்து, என் சோத்தாங்கையை அவ சொளவுக்கு நீட்டிட்டேன். அவ இலையைப் பிடிப்பா, நான் தூளைப் போடுவேன், ரெண்டு பேரு கட்டைவிரலும் சேந்து சுருட்டும், நான் வாயை மடிப்பேன், அவ நூலைச் சுத்துவா. ரெண்டும் சோத்தாங்கை, சொல்லுறபடி கேக்குமா? பீடி கோணிக்கிட்டு வந்துச்சு. செக்கர் ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது என்னம்மா, ஆளு இல்லாத ஊர்ல சுத்துனது மாதிரி இருக்கு?"ன்னாரு. நான் முறைச்சேன். மனுசன் அதை எடுத்துக் கட்டுக்கு நடுவுல சொருகிட்டாரு, அன்னைக்கு மட்டுமில்லை, பொறவு எப்பவுமே.

அப்படி உக்காந்து சுத்தும்போதுதான் அது. என் கை அவன் பக்கத்துலயே போய் வந்துக்கிட்டு இருக்குமா, அப்பப்போ என் சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிடுவான். பூ மாதிரின்னு எல்லாம் சொல்லமாட்டேன், நல்ல பிடி, ஆம்பளைப் பிள்ளைப் பிடி. பிடிச்சா விடமாட்டான். நான் சுத்துறதை நிறுத்திட்டு அவனா விடுறவரைக்கும் இருப்பேன். "விரலைப் பிடிச்சுக்கிட்டானாக்கா?"ன்னு வடிவு கேப்பா. "ஆமாளா, உம் மகனுக்கு நான் சம்பாதிக்கிறது பிடிக்கலை"ம்பேன். அவ சிரிப்பா. அவ சிரிக்கிறது அந்த நேரத்துல மட்டும்தான்.

இப்படியே ஓடிருந்தா எங்க ஆயுசு முடியிறவரைக்கும் ஓடிருக்கும். பொறவு வடிவு மறுபடி உண்டானா. எல்லாரும் சந்தோசப்பட்டோம், நான்தான் முத ஆளா வளையல் வாங்குனேன். பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு, சொர்ணம்னு பேரு வச்சாங்க. பிரசவ வலியிலகூட அந்த இடக்கை மடங்கினபடியே இருந்துச்சுன்னு நர்ஸம்மா வந்து சொன்னாங்க.

பிள்ளையைக் கொண்டாந்து வடிவுட்ட குடுத்தாங்க. இடப்பக்கம் ஆள் இருக்கு. வலப்பக்கம் வாங்கினா.

அன்னைக்குத் தொடங்கினது அழுகை. பாலு இல்லாம இல்லை, கிண்ணத்துல பீச்சலாம் அவ்வளவு பாலு. பிள்ளை வாயை வைக்கும், ரெண்டு இழுப்பு இழுக்கும், பொறவு காதை நெஞ்சுல வச்சு வச்சுத் தேச்சு எதையோ தேடும், தேடிப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டு வீறிடும். நீலம் பாஞ்சு மூச்சு அடைக்கிற அழுகை. மடியில போட்டுப் பாத்தா, தொட்டில்ல போட்டுப் பாத்தா, ரெண்டு பிள்ளையையும் ஒரே கையில அடுக்கிப் பாத்தா, இவ அவன்மேல இருந்து வழுக்கி வழுக்கி விழுதா. நாங்க வாங்கி எங்க இடப்பக்கம் வச்சா அடங்குவா. ஆனா கண்ணை முழிச்சுக்கிட்டு, காதைக் குடுத்துக்கிட்டு, இது இல்லையே, இது இல்லையேன்னு கேட்டுக்கிட்டே கிடப்பா. எனக்கும்தான் நெஞ்சு அடிக்கி. அவளுக்கு வேணும்கிற அடி என்கிட்ட இல்லை.

நர்ஸம்மா தூளியில போட்டு எடை பாத்தாங்க. அடுத்த தடவையும் பாத்தாங்க. முள்ளு ஏறலை, இறங்கிருந்துச்சு. டவுன்ல பெரிய டாக்டரம்மாகிட்ட காட்டி, மருந்து குடுத்து, பால் பவுடர் கலக்கிக் குடுத்து, ஒண்ணும் உடம்புல ஒட்டலை. கையும் காலும் குச்சியாப் போச்சு, தலை மட்டும் பெருசாத் தெரிஞ்சுது. இல்லாத பிள்ளை கனமா இருக்கான், இருக்கிற பிள்ளை நாளுக்கு நாள் கனமில்லாமப் போறா. நர்ஸம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இது இப்படியே போனா இதுவும் தங்காது பிரமு"ன்னாங்க.

யாரு போய் வடிவுட்ட சொல்லுறது? தளவாய்ட்ட கேட்டா, "அவனை விடுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை யக்கா, இவளை விடுன்னு சொல்லவும் வரலை. நான் எதைச் சொன்னாலும் ஒரு பிள்ளைக்குத் துரோகம்"னு எந்திச்சு வெளிய போயிட்டான். ஆவுடை கோடாங்கியைக் கூப்பிடணும், விரட்டணும்னா. "யாரை விரட்டப் போற? நீ மை வச்ச பிள்ளையையா?"ன்னு கேட்டேன். ஓன்னு அழுதுட்டா.

கடைசியில வடிவேதான் சொன்னா. வழக்கம்போல ஒட்டி உக்காந்து பீடி சுத்திக்கிட்டிருக்கோம், சொர்ணம் தொட்டில்ல அழுது அழுது தொண்டை கட்டிப்போய்ச் சத்தம்கூட வரலை, வெறும் காத்துதான் வருது. வடிவு இலையைப் பிடிச்ச கையை அப்படியே நிறுத்திட்டா.

"யக்கா, நீ வாங்கிக்கிடுதியா?"

எனக்கு வெளங்கிருச்சு. வெளங்காத மாதிரி, "எதைளா?"ன்னேன்.

"இவனை. நீன்னா பக்கத்து வீடு. நெனச்சா வந்து பாத்துக்கிடுவேன். உன் விரலு அவனுக்குப் பழக்கம்."

"நீ குடுத்தா வருவானா?"

"நான் குடுத்தா வருவான். வேற யாரு கேட்டாலும் வரமாட்டான், நான் குடுத்தா வருவான்." சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சு, அந்த வெறும் எடத்துல மூக்கை வச்சு மோந்துக்கிட்டா. "யக்கா, இவன் இனிமே சாகமாட்டான்லா. இவளை நான் தூக்கணும்."

எனக்கு ஒரு பிள்ளை வருதுன்னு அந்த நேரத்துல என் உடம்பு பூரா ஒரு சந்தோசம் ஓடுச்சு. எதுக்கு மறைக்கணும், ஓடத்தான் செஞ்சுது. ஆவுடை கேட்டுட்டு, பிள்ளை பெறாதவ கையில போயா குடுக்கணும், நான் இல்லையா, அத்தைக்காரின்னு குதிச்சா. வடிவு, "மைனி, நீங்க பெத்து வளத்தாச்சு, உங்க இடப்பக்கத்துல நாலு பிள்ளை கெடந்து எந்திச்சுப் போயாச்சு. அவ பக்கம் காலியா இருக்கு"ன்னா. ஆவுடை மைச்சிமிழைக் கொண்டாந்து என் மடியில வச்சுட்டுப் போனா.

வெள்ளிக்கிழமை காலையில குடுக்குறதுன்னு பேச்சு. ஊரே சேந்து யோசிச்சுது. எந்த நேரம் நல்ல நேரம்னு கேட்டு வந்தாங்க, அவ கிழக்கப் பாத்து நிக்கணும், நான் மேக்கப் பாத்து நிக்கணும்னு முடிவு பண்ணினாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும், வாசல் தெளிச்சுக் கோலம் போடணும், அன்னைக்கு அந்தப் பக்கம் ஆட்டைக் கோழியை விடக்கூடாது, தளவாய் லீவு சொல்லிட்டு வரணும், நர்ஸம்மா சொர்ணத்தைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துல தயாரா நிக்கணும், எல்லாத்தையும் யோசிச்சாங்க. நான் வீட்டை மெழுகினேன். பழைய சேலையைக் கிழிச்சுத் தொட்டில் கட்டினேன். இந்தப் பீடித் தூள் நாத்தம் கையை விட்டு லேசுல போகாது, பிள்ளைக்குக் குமட்டும்னு புளியைப் போட்டுத் தேச்சேன், சீயக்காய் போட்டுத் தேச்சேன், தோலு எரியிறவரைக்கும் தேச்சேன். வெளுத்த ரவிக்கையாப் பாத்துப் போட்டுக்கிட்டேன்.

வாசல்ல ஊரு கூடி நிக்கி. செக்கரும் வந்து ஓரமா நிக்காரு. வடிவு படியிறங்கி வந்தா. தளவாய் கிட்ட போய், அந்தரத்துல ஒரு முத்தம் குடுத்துட்டுத் தள்ளி நின்னுக்கிட்டான். வடிவு என் முகத்தைப் பாத்தா. "அழுதான்னா தூக்கித் தோள்ல போடாத யக்கா, அவனுக்குப் பிடிக்காது. இப்படியே வச்சுக்கோ"ன்னா. "சரிளா"ன்னேன். "வயிறு உப்புசமா இருந்தா பெருங்காயம் தடவு." "தடவுதேன்." "பேரைச் சொல்லிக் கூப்பிடு. கேலி பண்ணாத." "பண்ணமாட்டேன்ளா, குடு"ன்னேன்.

எல்லாத்தையும் யோசிச்ச ஊரு, கையை யோசிக்கலை.

நடக்கப் பழகுறதுக்கு முந்தியே எங்க கையில அடிச்சு அடிச்சுச் சொல்லிக்குடுத்தது அது. பீச்சாங்கையால குடுக்காத, பீச்சாங்கையால வாங்காத, மருவாதி இல்லை. அன்னைக்கு யாரும் எதுவும் சொல்லலை, யாரும் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, அது கையிலயே இருக்கு. ஒரு ஆளுட்ட ஒரு பொருளைக் குடுக்கணும்னா கை தானா மாறிக்கிடும். வடிவு தன் பிள்ளையை, அவ வச்சிருந்ததுலயே ஒசந்ததை, எனக்கு மருவாதியாக் குடுக்கணும்னு இடக்கையில இருந்து எடுத்துச் சோத்தாங்கைக்கு மாத்தினா. நானும் சோத்தாங்கையைத்தான் நீட்டினேன்.

என் கைக்கு ஒண்ணும் வரலை. காத்துதான் பட்டுச்சு.

"வாங்கிட்டியா யக்கா?"

"நீ இன்னும் குடுக்கலையேளா."

"குடுத்தேனே"ன்னா. அவ இடக்கை மெல்ல இறங்கி, பக்கவாட்டுல தொங்குது. அத்தனை நாளைக்குப் பொறவு முதல்தடவையா இறங்குது. அதை அவ பாத்தா, நான் பாத்தேன், பொறவு ரெண்டு பேரும் கீழ, தரையைப் பாத்தோம்.

அவனுக்குத் தெரிஞ்ச எடம் அது ஒண்ணுதான். அங்கனதான் சத்தம் கேக்கும், அங்கனதான் அவன் இருந்தான், அதைவிட்டு எடுத்து அந்தப் பக்கம் வச்சா அவனுக்கு இருக்க வேற எடம் ஏது?

வடிவு முட்டுப் போட்டு உக்காந்து கோலத்துமேல ரெண்டு கையையும் வச்சுத் தடவினா. நானும் உக்காந்துட்டேன். பொறவு ஆவுடை, பொறவு பொன்னுத்தாயி, பொறவு எல்லாப் பொம்பளைகளும். மிதிச்சிரக்கூடாதுன்னு ஆம்பளைக எல்லாம் கால் வைக்கப் பயந்து சுவருமேல ஏறிக்கிட்டாங்க. தெருவுல வந்த சைக்கிளை நிறுத்தினாங்க. கல்லை, தூசியை, கோலப்பொடியை, பீடித் துண்டை, எல்லாத்தையும் தடவித் தடவி, "கொம்பையா, கொம்பையா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே, கண்ணால ஒருநாளும் பாக்காத பிள்ளையை ஒரு தெரு பூரா முட்டுப்போட்டுத் தேடுச்சு. செக்கரு வெள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாறுகால் சாக்கடைக்குள்ள கையை விட்டுத் துழாவினாரு. தளவாய் மட்டும் சுவர்ல சாஞ்சு நின்னு வாய்க்கா மேட்டையே பாத்துக்கிட்டு இருந்தான். வெயில் ஏறுச்சு. யாரு கையிலயும் ஒண்ணும் தட்டுப்படலை.

அப்பத்தான் சொர்ணம் அழுதா. தொண்டை கட்டின அந்தக் காத்து அழுகை. நர்ஸம்மா வந்து வடிவு பக்கத்துல குனிஞ்சு, தன் இடக்கையில இருந்த பிள்ளையை அப்படியே அவ இடக்கைக்குள்ள வச்சாங்க. வேளாங்கண்ணி மாதா புண்ணியமோ என்னமோ, அந்த அம்மா கை மாத்தலை. வடிவு கை பழகின பழக்கத்துல தானா மடங்குச்சு. பிள்ளை காதை நெஞ்சுல வச்சுது. ஒரு தடவை விசும்புச்சு. பொறவு அப்படியே உடம்பைத் தளரவிட்டுப் பாலைத் தேடிக் குடிக்க ஆரம்பிச்சுது, ஊரே பாத்துக்கிட்டு இருக்க, மடக்கு மடக்குன்னு குடிச்சுது. வடிவு ஒரு கையால பிள்ளையை வச்சுக்கிட்டு, இன்னொரு கையால தரையைத் தடவிக்கிட்டே அழுதா. அழுது அழுது அவ நெஞ்சு குலுங்க, அந்தக் குலுக்கல்லயே பிள்ளை தூங்கிப்போச்சு.

அந்த வாசலை ரொம்ப நாள் யாரும் பெருக்கலை. என் வீட்டுல கட்டின தொட்டிலை நான்தான் அவுத்தேன். அடுத்த மாசம் பொன்னுத்தாயி மகளுக்குப் பிள்ளை பொறந்து ஆவுடைட்ட குடுத்தப்போ, யாரும் சொல்லாமலே பீச்சாங்கையில இருந்து பீச்சாங்கைக்குப் போச்சு பிள்ளை. அன்னையில இருந்து அதுதான் எங்க தெரு வழக்கம். மத்த எல்லாத்துலயும் மருவாதி இருக்கட்டும், பிள்ளையில மருவாதி பாக்கவேண்டாம். சுரண்டைக்காரிக்கு இப்போ அது வெளங்கிருச்சு, அவ அம்மை வந்தப்போ அவளே நின்னு சொல்லிக்குடுத்தா.

சொர்ணம் நல்லா இருக்கா, பள்ளிக்கூடம் போறா, என்னை மாதிரியே வாயும் இருக்கு. வடிவுக்கு இப்போ ரெண்டு கையும் உண்டு, என் கை தேவையில்லை. செக்கரு எங்க கட்டைப் பிரிச்சாலும் எல்லாம் நேராத்தான் இருக்கு. ஆனா நான் இன்னைக்கும் அவ இடப்பக்கம்தான் உக்காருதேன். சுத்திக்கிட்டு இருக்கும்போது அப்பப்போ என்னையறியாம கை நின்னுபோகும். சுண்டுவிரலை நீட்டிக்கிட்டு, யாராவது பிடிக்காங்களான்னு பாத்துக்கிட்டு இருப்பேன். வடிவு அதைப் பாப்பா. கொஞ்சம் தள்ளி உக்காந்து, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எடம் விடுவா.